கயிறு கட்டிய சதுரம்

1987இல் உயர்தர வகுப்பில் எங்களுக்குத் தாவரவியல் படிப்பித்த சேர், மைதானத்தின் வடக்கு மூலையில் ஒரு மீற்றர் சதுரத்துக்குக் கயிறு கட்டினார். உள்ளே இருந்த புல்பூண்டு முழுவதையும் செருக்கி எறிந்துவிட்டு, "இனி ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. மாசம் ஒருக்கா எண்ணுங்கோ" என்றார்.

அன்றுதான் இந்தோனேசியாவின் கிரக்கத்தோவாத் தீவின் கதையும் சொன்னார். 1883இல் எரிமலை வெடித்துத் தீவின் பெரும்பகுதி கடலுக்குள் போனது, மிச்சம் சாம்பல். ஒன்பது மாதம் கழித்துப் போனவர்கள் கண்டது ஒரேயொரு சின்னச் சிலந்தி. 1886இல் பன்னங்கள் வந்திருந்தன. "அங்க வித்து கடல் தாண்டி வரோணும். இங்க மண்ணுக்குள்ளயே கிடக்குது."

எங்கள் சதுரத்தில் முதலில் குப்பைமேனியும் தும்பையும் வந்தன. பிறகு நாயுருவி. கடைசியாக நான் எண்ணியபோது ஓர் எருக்கு முழங்கால் உயரம். பிறகு சோதனை வந்தது, விட்டுவிட்டேன்.

1990 ஜூனில் போரால் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தோம். இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன எங்கள் வளவை 2017இல்தான் திரும்பப் பார்த்தேன். எல்லையைக் காட்டித் தந்தது வேலிதான். வெட்ட ஆளில்லாத பூவரசங் கதியால்கள் பெருமரங்களாகி, வரிசை குலையாமல் நின்றன. பொறுக்க ஆளில்லாத பனம்பழங்கள் விழுந்த இடத்திலேயே முளைத்து வடலியாகி, சில அடிமரம் விட்டிருந்தன. கூரையில்லாத அறைச் சுவரில் ஆல் வேரோடியிருந்தது. நாயுண்ணிப் பற்றையை விலக்கினால் உள்ளே வேப்பங்கன்றுகள். ஆட்டின் வாய்க்கு எட்டாமல் முள்ளுக்குள் வளர்ந்தவை. காகம் தின்று போட்ட கொட்டைகளாக இருக்கும். வெயிலில் வந்த தும்பை அந்த நிழலில் ஒன்றுகூட இல்லை. முதலில் பூண்டு, பிறகு பற்றை, கடைசியில் மரம் என்று சேர் கரும்பலகையில் கீறிய படிகள் அத்தனையும் எங்கள் வளவில் நடந்து முடிந்திருந்தன.

எல்லாம் திரும்பி வரவில்லை. அம்மம்மாவின் கறுத்தக்கொழும்பான் மாமரம் கொடி மூடிப் பட்டுப்போய் நின்றது. அதைப் பிடித்துக்கொண்டு கனநேரம் நின்றேன்.

மச்சான் பெக்கோ இயந்திரம் பிடித்து முழுதும் துப்புரவாக்கி வாழை வைக்க நின்றான். பூவரசையும் இரண்டு வேம்பையும் விடச் சொன்னேன். பின்வளவில் ஒரு மீற்றர் சதுரத்துக்குக் கயிறு கட்டவும் சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை, கட்டினான். அடுத்த மாரி முடிய வட்சப்பில் படம் அனுப்பினான். பெரிதாக்கி எண்ணினேன்: குப்பைமேனி பதினொன்று, தும்பை நாலு, நாயுருவி இரண்டு. கயிற்றின் ஓரமாக, இரண்டு விரல் உயரத்தில் ஒரு வேம்பு.