முட்டைக் கப்பில் விபூதி

இன்று காலை சாமி ரூமுக்குப் போனால், என் நீலப்பூ முட்டைக் கப்பில் விபூதி.

அத்தைதான். "கண்ணு, சும்மாதான கெடந்துது, அதான் எடுத்துக்கிட்டேன்."

அது அவித்த முட்டையை நிறுத்தி வைத்துச் சாப்பிடுகிற கப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. புரட்டாசி என்றில்லை, அத்தை வருஷம் முழுக்க முட்டையைத் தொடமாட்டார்.

கோவை உக்கடத்தில் ஒரு பழைய சாமான் கடையில் 80 ரூபாய்க்கு வாங்கியது. விளிம்பில் நெல்லளவு பெயர்ந்திருக்கும். கவிழ்த்தால் அடியில் சிவப்பு எழுத்தில் 'மேட் இன் ஆக்குபைட் ஜப்பான்'. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பான் நேச நாடுகளின் பிடியில் இருந்தபோது, 1947 முதல் 1952 வரை ஏற்றுமதிப் பொருள்களில் போட்ட முத்திரை. வால்பாறைப் பக்கம் ஏதோ எஸ்டேட் பங்களாவில் இருந்து வந்தது என்பார் கடைக்காரர். நம்ப ஆசையாகத்தான் இருக்கிறது.

மொத்தம் 17 கப்பு சேர்ந்துவிட்டது. கி.பி. 79-இல் எரிமலையில் புதைந்த இத்தாலியின் பொம்பெயி நகரத்திலேயே முட்டைக் கப்பு கிடைத்திருக்கிறதாம். நாமக்கல்லில் இருந்து முட்டை லாரி லாரியாக வருகிற ஊரில் இருக்கிறோம். ஆனால் எங்கள் வீட்டில் இதுவரை ஒரு முட்டைகூட இவற்றில் உட்கார்ந்ததில்லை. உரித்து, கீறி, மிளகுத்தூள் தூவினால் முடிந்தது கதை. ஒன்றில் பையனின் ரப்பர், ஒன்றில் என் ஊக்கு.

மத்தியானம் கப்பைக் கேட்டு வாங்கிவிடலாம் என்று போனேன்.

பெயர்ந்த இடம் தெரியாதபடி சுவர்ப்பக்கம் திருப்பி வைத்திருந்தார் அத்தை. பக்கத்தில் ஒரு செம்பருத்தி.

சரி, இனி 16.