நல்ல சமாரியனுக்கு முன்னால் வாசிக்க வேண்டியது

தர்மபுரி பக்கத்து ஜெபக்கூட்டங்களில் லூக்கா 10-இல் இயேசு சொன்ன நல்ல சமாரியன் கதையை எடுத்தால், ‘அடிபட்டவனுக்கு உதவு’ என்பதோடு பாடம் முடிந்துவிடுகிறது. அதைச் சொல்லச் சமாரியன் எதற்கு? இரக்கமுள்ள ஒரு யூதனே போதுமே! சமாரியன் என்றாலே முகம் சுளிக்கிற யூதர்களுக்குச் சொன்ன கதை அது.

அந்தச் சுளிப்புக்கு 2 இராஜாக்கள் 17-ஐ வாசியுங்கள். கி.மு. 722 வாக்கில் சமாரியாவைப் பிடித்த அசீரியர், பாபிலோன், கூத்தா, ஆமாத் முதலான இடத்து ஆட்களை அங்கே குடிவைத்தார்கள். அவர்கள் கர்த்தருக்கும் பயந்தார்கள், தங்கள் தேவர்களையும் சேவித்தார்கள் என்கிறது அதிகாரம். இது யூதா தரப்பு சொல்வது. சமாரியரோ தங்களை யோசேப்பின் வம்சம் என்பார்கள்; இன்றும் கெரிசீம் மலையில் பஸ்கா ஆசரிக்கிறார்கள். அங்கிருந்த அவர்களுடைய ஆலயத்தை இடித்தவர் யூதப் பிரதான ஆசாரியரான யோவான் ஹிர்கானுஸ்.

அடுத்தது, அநேகமாக யாரும் தொடாத 2 நாளாகமம் 28. சமாரியா வீழ்வதற்கு முன் நடந்தது. சமாரியாவின் இஸ்ரவேலர், தாங்கள் யூதாவிலிருந்து சிறைபிடித்து வந்த ஜனங்களை, ஓதேத் தீர்க்கதரிசி கண்டித்த பிறகு, உடுத்தி, சாப்பாடு கொடுத்து, எண்ணெய் வார்த்து, நடக்க முடியாதவர்களைக் கழுதைமேல் ஏற்றி, எரிகோவில் கொண்டுபோய் விட்டார்கள். எண்ணெய், வாகனம், எரிகோ: இந்த 15-ஆம் வசனத்தை வாசித்த கையோடு லூக்கா 10-க்குப் போனால் கேட்கிறவர்களே நிமிர்ந்து உட்காருவார்கள்.

லூக்கா 10-இல் கள்ளர் ஒருவனை அடித்துப் போட்ட வழி இது: எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் சுமார் 27 கி.மீ., ஏறக்குறைய 1,000 மீட்டர் இறக்கம். தொப்பூர் கணவாயில் விபத்தைப் பார்த்தவர்களுக்கு இறக்கத்துச் சாலையின் ஆபத்து தெரியும். சமாரியன் செய்ததை வரிசையாகச் சொல்லிக் காட்டுங்கள்: எண்ணெய் வார்த்துக் காயம் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்தில் சேர்த்தான், அன்றிரவு கூட இருந்தான், இரண்டு நாள் கூலியைக் கொடுத்தான், மேலே செலவானால் தருகிறேன் என்றான். நாம் 108-க்குப் போன் செய்ததும் கிளம்பிவிடுகிறோம். ஒரு எச்சரிக்கை: அவன் தூக்கி ஏற்றியதை இன்று அப்படியே செய்யக் கூடாது. கழுத்து, முதுகெலும்பு அடிபட்டிருக்கலாம். ரத்தம் வருமிடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, ஆம்புலன்ஸ் வரும்வரை இருங்கள். போலீஸ் கேஸ் பயம் வேண்டாம்; மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு உதவுகிறவர்களுக்குப் பாதுகாப்பு தருகிறது. பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் முடியாது.

யோவான் 4-இல் நீளமான விளக்கம் தேவையில்லை. மொண்டுகொள்ளப் பாத்திரமில்லாத இயேசு சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். குடித்தால் அவள் பாத்திரத்தில்தான் குடிக்க வேண்டும். தனிக் குவளை என்றால் என்னவென்று இந்த மாவட்டத்தில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பாக்கி நேரம் இருந்தால் லூக்கா 9:54-ஐயும் அப்போஸ்தலர் 8:14-17-ஐயும் சேர்த்து எடுங்கள். சமாரியர் கிராமத்தின்மேல் வானத்து அக்கினியைக் கேட்ட சீஷன் யோவான்தான், பிறகு பேதுருவோடு சமாரியாவுக்குப் போய் அவர்கள்மேல் கைகளை வைத்து ஜெபிக்கிறவர்.