ஒளியிழையை மடித்துக் கட்டியதால் ஊமையான கார்

ஜெர்மன் சொகுசு காரில் ஆடியோ சிஸ்டத்தை மேம்படுத்த விரும்புகிறவர்கள் எந்த ஸ்பீக்கர், எந்த சப்வூஃபர் என்று அலசுவதற்கு முன்பு, வண்டியில் கை வைக்கப்போகிறவருக்கு, ஆடியோ கருவிகளை ஒளியிழையால் கோக்கும் ‘மோஸ்ட்’ (MOST) இணைப்பைப் பற்றித் தெரியுமா என்று விசாரித்துக்கொள்வது நல்லது. பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் இருந்துகொண்டு கோவைக்கும் கொச்சிக்கும் அலைந்த எரிச்சல் இன்னும் அடங்காத நிலையில் இதை எழுதுகிறேன்.

2001இல் பி.எம்.டபிள்யூ 7 சீரிஸில் இடம்பெற்ற இந்த முறையை ஆடியும் மெர்சிடிஸும் பின்பற்றின. அந்தத் தலைமுறை வண்டிகளில் ஹெட் யூனிட், ஆம்ப்ளிஃபயர் முதலியவை பிளாஸ்டிக் ஒளியிழையால் ஒரு வளையமாகக் கோக்கப்பட்டிருக்கும். ஓரிடத்தில் ஒளி நின்றாலும் வளையம் முழுவதும் செயலிழந்துவிடும்.

கோவைக் கடையில் ஸ்பீக்கர், அதிர்வைக் குறைக்கும் டேம்பிங் ஷீட் வேலையெல்லாம் சுத்தமாக முடிந்தது. கம்பெனி ஆம்ப்பைக் கழற்றி, புதிய ஆம்ப்பை அந்த வளையத்தோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் கருவியைப் பொருத்தியதும் பாட்டு, ரேடியோ, பார்க்கிங் சென்சாரின் ‘பீப்’ உட்பட எல்லாச் சத்தமும் நின்றுபோயின. இன்டர்ஃபேஸ் எரிந்துவிட்டது, வேறு வாங்குங்கள் என்று கடைக்காரர் கை கழுவிவிட்டார். ஸ்பீக்கர்களைவிட விலை கூடிய பொருளை அவ்வளவு எளிதாக இன்னொன்று வாங்கச் சொன்னதுதான் எனக்கு ஆறவில்லை.

குதிரான் சுரங்கம் தாண்டிக் கொச்சி சர்வீஸ் சென்டர் வரை போனதும் வீண். ஸ்கேன் செய்து, வளையம் துண்டிக்கப்பட்டிருப்பதாக ஒரு தாளை நீட்டிய அட்வைசர், “இது ஞங்ஙள் தொடில்ல சாரே” என்று முடித்துக்கொண்டார். சோதனைக் கட்டணத்தை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொண்டார்கள்.

கடைசியில் பாலக்காட்டில் ஓர் ஆட்டோ எலெக்ட்ரீஷியன்தான் கண்டுபிடித்தார். அவர் மீட்டரை எடுக்கவே இல்லை. இக்னிஷனைப் போட்டு, ஒவ்வோர் இணைப்பாகக் கழற்றி, இழையின் நுனியைக் கைக்குள் பொத்திப் பார்த்தார். மோஸ்ட்டில் செல்வது கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளி. டிக்கியின் இடப்பக்கப் பலகைக்குப் பின்னால் அந்தச் சிவப்பு காணாமல் போயிருந்தது. அங்கே கடைக்காரர்கள் இழையை மடித்து, பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார்கள். 25 மில்லிமீட்டர் ஆரத்துக்கும் குறைவாக இதை வளைக்கக் கூடாது. மடிந்த இழையைச் செப்புக் கம்பிபோல முறுக்கி டேப் சுற்றவும் முடியாது என்பதால், அந்தத் துண்டையே மாற்றினார். எரிந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட இன்டர்ஃபேஸ் உயிரோடுதான் இருந்தது!

பிறகு, இரவு நிறுத்திய வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகாத இன்னொரு தொல்லை முளைத்தது. ஆம்ப்பை ஆன் செய்யும் ரிமோட் வயரை எப்போதும் 12 வோல்ட் வரும் இடத்திலிருந்து எடுத்திருந்ததால், வண்டியின் மின்னணுக் கருவிகள் அணைந்து, அது உறங்கிய பிறகும் ஆம்ப் விழித்திருந்திருக்கிறது. அதையும் பாலக்காட்டுக்காரரே இன்டர்ஃபேஸின் ரிமோட் வெளியீட்டுக்கு மாற்றிக் கொடுத்தார். ஆகவே, வேலை முடிந்ததும் வண்டியைப் பூட்டி, அது உறங்கும்வரை காத்திருந்து, பேட்டரியிலிருந்து எவ்வளவு மின்னோட்டம் போகிறது என்று அளந்து காட்டச் சொல்லுங்கள். சுமார் 50 மில்லிஆம்பியருக்கு மேல் போனால் பணத்தைக் கொடுக்காதீர்கள். பேட்டரியிலிருந்து வரும் பவர் வயரில், முதல் ஒன்றரை அடிக்குள் ஃபியூஸ் இருக்கிறதா என்பதையும் நேரில் பார்த்துவிடுங்கள்.

கழற்றிய கம்பெனி ஆம்ப்பைக் கடையில் விட்டுவிட்டு வர வேண்டாம். வண்டியை விற்கும்போது பழையபடி மாற்றிக் கொடுக்க அது தேவைப்படும்.