நன்னாரி, நார்த்தங்காய், வெற்றிலை: வீட்டில் காக்டெயில் கலந்து பார்த்த அனுபவம்

காக்டெயிலில் முதலில் கைக்குப் பழக வேண்டியது ஒரே ஒரு கணக்கு: சரக்கு இரண்டு பங்கு, புளிப்பு ஒரு பங்கு, இனிப்பு ஒரு பங்கு. கியூபாவில் பிறந்த ரம் கலவையான டைகிரி, விஸ்கியில் செய்யும் விஸ்கி சவர் என்று பெயர் பெற்ற பல கலவைகள் இதற்குள் அடங்கிவிடும். திருவையாற்றில் இருந்துகொண்டு வெளிநாட்டுப் பாட்டில்களைத் தேடி அலைவதில் எனக்கு ஆர்வமில்லை. அதே கணக்கில் நம் பக்கத்துப் புளிப்பையும் இனிப்பையும் வாசனையையும் பொருத்தினால் என்ன வரும் என்று பார்ப்பதில்தான் ஆசை. கொல்லையில் நார்த்தை மரம் இருக்கிறது. ராஜகிரி, பண்டாரவாடைப் பக்கத்து வெற்றிலை கடைத்தெருவுக்கு வந்துவிடுகிறது. நாட்டு மருந்துக் கடையில் நன்னாரி வேர் கிடைக்கிறது. ஒரு நேரத்தில் ஒரு பொருளை மட்டும் மாற்றுவது, உடனே நோட்டில் எழுதிவைப்பது, இந்த இரண்டும் என் விதி.

அளவு பற்றிக் கொஞ்சம். கடையில் வாங்கும் ரம், வோட்கா பாட்டில்களில் ஆல்கஹால் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். ஒரு குவார்ட்டர் 180 மில்லி. கிளாசுக்கு 45 மில்லி என்று வைத்தால் நாலு கிளாஸ் வரும். 45 ரம், 22 எலுமிச்சைச் சாறு, 22 பாகு, ஐஸ் உருகிச் சேரும் தண்ணீர் சுமார் 25. கூட்டிக் கழித்தால் கிளாசில் இருப்பது ஏறக்குறைய 17 சதவீதம். ஒயினைவிடச் சற்றுக் கடுமை. கட்டிங்கை ஒரே மடக்கில் இறக்கிவிட்டு ஊறுகாயை நக்குகிற பழக்கத்துக்கு இது நேர் எதிர். நிதானமாக, பேசிக்கொண்டே குடிக்க வேண்டியது. அளப்பதற்குக் குழந்தை மருந்தோடு வரும் கோடு போட்ட மூடி, குலுக்க வாய் அகன்ற எவர்சில்வர் பாட்டில், வடிகட்ட டீ வடிகட்டி. காரைக்காலில் வகைகள் கூடுதல்தான், ஆனால் அங்கே வாங்கியதை அனுமதி இல்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுவரக் கூடாது. வீட்டில் காய்ச்சுகிற வேலையும் இதில் கிடையாது. சீல் உடையாத பாட்டிலில் இருப்பதைக் கலப்பது மட்டும்தான்.

இதுவரை செய்ததில் மனசுக்கு மிகவும் பிடித்தது நன்னாரியும் டார்க் ரம்மும். இரண்டும் ஏன் இவ்வளவு ஒட்டிப்போகின்றன என்று தேடியபோது கிடைத்த விஷயம் அருமையானது. வெனிலாவின் வாசனைக்குக் காரணமான வெனிலின் என்ற பொருளும் நன்னாரி வேரின் முக்கிய வாசனைப் பொருளும் ஒரே அணுக்களால், ஒரே எண்ணிக்கையில் ஆனவை. அணுக்கள் அமர்ந்திருக்கும் இடம் மட்டும் வேறு. ஓக் மரப் பீப்பாயில் இருக்கும் ரம்முக்கு மரத்திலிருந்தே வெனிலின் இறங்குகிறது. அதனால்தான் இரண்டையும் சேர்க்கும்போது ஒன்று மற்றொன்றை அமுக்காமல் தூக்கிவிடுகிறது.

கடை சர்பத் பாட்டிலில் முதலில் செய்து பார்த்தேன். இனிப்பு அதிகம், பல பாட்டில்களில் சிட்ரிக் அமிலமும் சேர்த்திருப்பார்கள், அதனால் நம் எலுமிச்சைக் கணக்கு நிற்பதில்லை. வேரை வாங்கிக் கழுவி, லேசாக இடித்து, நடுவில் இருக்கும் வெள்ளைக் கட்டையை எடுத்துப் போட்டுவிட வேண்டும். வாசனை முழுக்க மேல்பட்டையில்தான். அதை வெந்நீரில் ராத்திரி முழுக்க மூடி ஊறவைத்து, காலையில் வடித்து, அதே எடைக்குச் சர்க்கரை போட்டுக் கரையும் மட்டும் சூடாக்கினால் போதும். கொதிக்க விட்டால் வாசனை ஆவியோடு போய்விடுகிறது. நாட்டுச் சர்க்கரையிலும் செய்தேன். ரம்மின் வெல்ல வாசனையோடு அதுவும் சேர்ந்து நன்னாரி பின்னால் தள்ளப்பட்டுவிட்டது. வெள்ளைச் சர்க்கரைதான் இதற்குச் சரி. இன்றைய அளவு: ரம் 45, எலுமிச்சை 20, நன்னாரிப் பாகு 25.

என் மனைவி குடிப்பதில்லை. ரம் இல்லாமல் அதே கலவையை அவருக்குக் குலுக்கிக் கொடுப்பேன். நாக்கு என்னுடையதைவிடக் கூர்மை. "ஏங்க, புளிப்பு கடைசியில தனியா நிக்குது, ஒரு கல்லு உப்புப் போட்டுப் பாருங்க" என்று சொன்னது அவர்தான். வேதாரண்யத்து உப்பைத் தண்ணீரில் கரைத்துச் சொட்டு மருந்துக் குப்பியில் வைத்துக்கொண்டேன். கிளாசுக்கு இரண்டு சொட்டு. உப்பு கரிப்பதில்லை, ஆனால் எலுமிச்சையின் அடிக்கசப்பு அடங்கி, புளிப்பும் இனிப்பும் ஒன்றாகத் தெரிகின்றன. அன்றிலிருந்து எல்லாக் கலவைக்கும் அந்த இரண்டு சொட்டு உண்டு.

அடுத்து ஐஸ். டெல்டா வெயிலில் இதைவிடப் பெரிய விஷயம் கிடையாது என்றே சொல்வேன். ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி வெப்பம் வேண்டும்; அதைக் கலவையிலிருந்து எடுத்துக்கொள்வதால்தான் கலவை குளிர்கிறது. ஆக உருகிய தண்ணீரும் குளிர்ச்சியும் பிரிக்க முடியாதவை. தண்ணீர் சேர்வதைக் குறையாக நினைக்க வேண்டாம், அது இல்லாவிட்டால் சரக்கு நாக்கைச் சுடும். தொல்லை கொடுப்பது ஈர ஐஸ். மே மாதத்தில் ட்ரேயை வெளியே எடுத்து எலுமிச்சை பிழிவதற்குள் ஐஸின் மேல் தண்ணீர் கட்டிவிடுகிறது. அந்தத் தண்ணீர் பெரிதாகக் குளிர்ச்சி தராமல் ருசியைக் கரைத்துவிடும். அதனால் எல்லாவற்றையும் அளந்து ஊற்றிய பிறகுதான் ஃப்ரீசரைத் திறக்க வேண்டும். ஐஸைப் பாட்டிலில் போட்டதும் பன்னிரண்டு முதல் பதினைந்து விநாடி பலமாகக் குலுக்கினால், எவர்சில்வர் கையில் ஒட்டுகிற அளவுக்குச் சில்லிட்டுவிடும்.

கிளாசில் போடும் ஐஸ் தனி. கண்ணாடி மாதிரி தெளிவான கட்டி செய்ய ஒரு வழி இருக்கிறது. கேம்பர் இங்கிலிஷ் என்ற அமெரிக்கர் 2009-ல் விளக்கிக் காட்டியது. வெப்பம் புகாத பெட்டியில் தண்ணீர் ஊற்றி, மூடாமல் ஃப்ரீசரில் வைத்தால் மேலிருந்து கீழாக மட்டும் உறையும். காற்றுக் குமிழிகள் எல்லாம் அடிக்குத் தள்ளப்பட்டுவிடும். சின்னத் தெர்மாகோல் பெட்டிக்குள் ஒரு டப்பாவைப் பொருத்திச் செய்தேன். அடிப்பகுதி உறைவதற்கு முன் எடுத்து, பல்லுள்ள கத்தியால் கோடு கிழித்துத் தட்டினால் பிளக்கிறது. பெரிய கட்டி மெதுவாகக் கரையும், கடைசி மடக்குவரை ருசி நிற்கும். கரண்ட் போய் வந்த நாளில் நடுவில் வெள்ளைக் கோடு விழுகிறது. பார்வைக்குத்தான் குறை, ருசிக்கு ஒன்றுமில்லை. மீன் மார்க்கெட் பாளம் ஐஸ் குடிப்பதற்கென்று செய்தது இல்லை, அந்தப் பக்கமே போக வேண்டாம்.

நார்த்தங்காயில் சாற்றைவிடத் தோல்தான் பொக்கிஷம். பச்சைத் தோலை மட்டும், வெள்ளைப் பகுதி வராமல் மெல்லிசாகச் சீவி, சர்க்கரையில் பிசிறி ஒரு ராத்திரி மூடிவைத்தால் தோலின் எண்ணெயைச் சர்க்கரை இழுத்துக்கொள்ளும். காலையில் அடியில் கொஞ்சம் பாகு கசிந்திருக்கும். மீதிச் சர்க்கரையை எலுமிச்சைச் சாற்றில் கரைத்து வடித்துக்கொள்ளலாம். வோட்காவோடு இது அபாரம். நார்த்தை இலை போட்டு வேப்பிலைக்கட்டி இடிக்கும்போது வீடு முழுக்க வருமே, அந்த வாசனையின் ஒரு பகுதி கிளாசில் இருக்கிறது.

வெற்றிலையில் இன்னும் திருப்தி வரவில்லை. கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது இதைச் செய்தே ஆக வேண்டும் என்று தோன்றியது. கிராம்பில் இருக்கும் யூஜெனால் என்ற வாசனைப் பொருள் வெற்றிலையிலும் இருக்கிறது, அது ஆல்கஹாலில் நன்றாக இறங்கும். ஆனால் வோட்காவில் ஒரு நாள் ஊறினால் பச்சை வாடையும் கசப்பும் மேலே வந்துவிடுகின்றன. கொழுந்து இலையைக் கிழித்துப் போட்டு அரை மணி நேரத்தில் எடுத்துவிட்டால் காரமும் வாசனையும் மட்டும் நிற்கின்றன. அதன்மேல் நல்ல சில்லென்ற பன்னீர் சோடாவைக் கடைசியாக, குலுக்காமல் ஊற்ற வேண்டும். குளிர்ந்த நீரில்தான் கேஸ் தங்கும். மைத்துனர் ஒரு வாய் குடித்துவிட்டு, "மச்சான், கல்யாண வீட்டுல பீடா போட்ட மாதிரி இருக்கு, ஆனா நாக்குல ஏதோ உறுத்துது" என்றார். அந்த உறுத்தல் நரம்பிலிருந்து வருகிறதா என்று, நரம்பைக் கிள்ளிவிட்டுப் பார்க்க வேண்டும்.

கரும்புச் சாற்றை விடவே முடியாது. குருங்குளம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போகிற ஊர்க்காரர்கள் நாம். ரம் பெரும்பாலும் ஆலையில் மிஞ்சும் கழிவுப்பாகிலிருந்து வருகிறது, பிரேசிலின் கஷாசா என்ற சரக்கு நேராகக் கரும்புச் சாற்றிலிருந்து. சாற்றில் இனிப்பு பாகைவிட மிகக் குறைவு; 22 மில்லி பாகுக்கு ஈடாக 70 மில்லி வேண்டும். அதனால் சாற்றிலேயே எலுமிச்சை பிழிந்து, கறுக்காமல், ட்ரேயில் உறையவைத்து, ஐஸுக்குப் பதிலாக அதையே போட்டு மிக்சியில் அடிக்கிறேன். வெயில் காலத்துக்கு நல்ல பானம்.

இப்போது கையில் இருப்பது காப்பி. வோட்காவும் காப்பியும் கலந்த எஸ்பிரெஸ்ஸோ மார்ட்டினியை 1980-களில் லண்டனில் டிக் பிராட்செல் என்பவர் உருவாக்கினார். நமக்கு எஸ்பிரெஸ்ஸோ எதற்கு, பில்டரில் இறங்கும் முதல் டிகாஷன் இருக்கிறதே. வோட்கா 45, ஆறவைத்த டிகாஷன் 45, நாட்டுச் சர்க்கரைப் பாகு 15. ருசியில் குறை சொல்ல இடமில்லை, சிக்கரியின் கசப்பு சர்க்கரையோடு நன்றாகச் சேர்கிறது. நுரை மட்டும் போதவில்லை. எஸ்பிரெஸ்ஸோவில் அழுத்தத்தால் வரும் நுரை டிகாஷனில் கிடையாது, குலுக்கித்தான் வரவழைக்க வேண்டும். சிக்கரி இல்லாத தூளில் ஒன்று, சிக்கரி கலந்த தூளில் ஒன்று, இரண்டையும் ஒரே நேரம் குலுக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எதன் நுரை அதிக நேரம் நிற்கிறது என்று இந்த வாரம் பார்க்கப்போகிறேன்.