சந்தாப் புத்தகத்தை மூடிய கதை

லண்டனின் ஓரத்தில் ஒரு கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். எங்கள் தெரு வர்த்தகர் சங்கத்துக்குப் 11 வருடம் நான்தான் பொருளாளர். பெரிய பதவி என்று நினைக்க வேண்டாம். கோயில் திருவிழாவுக்குக் காசு சேர்ப்பதுபோல, ஒவ்வொரு செப்டெம்பரிலும் சந்தாப் புத்தகத்தோடு கடை கடையாக ஏறி இறங்குவதுதான் வேலை. ஆண்டுக்கு 60 பவுண். 90 கடைகளில் 35 பேர் தந்தால் நல்ல வருடம். நத்தார் விளக்கு மட்டும் 90 கடைக்கும் எரியும். ஒரு சதமும் தராத போன் கடைத் தம்பிதான் முதலில் வந்து, "இந்த முறை வெளிச்சம் காணாது அண்ணை" என்பார்.

அந்த வயிற்றெரிச்சலில்தான் 'பிட்' பற்றிக் கதைக்கத் தொடங்கினோம். வர்த்தக மேம்பாட்டு வட்டாரத்தை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். 1970இல் டொரோண்டோவின் புளோர் வெஸ்ட் வில்லேஜ் கடைக்காரர்கள் தொடங்கிய யோசனை இது. இங்கிலாந்தில் 2003ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு வழி திறந்தது. லண்டன் பக்கத்துக் கிங்ஸ்டனில் 2005இல் முதலாவது பிட் ஓடத் தொடங்கியது. விஷயம் எளிது: கடைக்காரர்கள் வாக்களித்து வென்றுவிட்டால், வேண்டாம் என்றவர்களும் சேர்ந்து தெருவின் வேலைகளுக்காக ஒரு வரி கட்ட வேண்டும். ஐந்து வருடத்துக்கு மேல் போக முடியாது. தொடர வேண்டுமென்றால் திரும்பவும் வாக்கெடுப்பு.

வரி எவ்வளவு என்பதில்தான் எங்களுக்குள் முட்டிக்கொண்டது. கடையின் வரிமதிப்பில், அதாவது வரி போடுவதற்காக அரசு கணக்கிடும் ஆண்டு வாடகை மதிப்பில், 1.5 வீதம் என்று போட்டோம். இதில் ஒரு பொறி இருக்கிறது, புதிதாகத் தொடங்குகிறவர்கள் கவனியுங்கள். ஒரே ஒரு கடை வைத்திருந்து அதன் வரிமதிப்பு 12,000 பவுணுக்குள் இருந்தால், கடைகளுக்கான வழக்கமான வரியான பிசினஸ் ரேட்ஸ் கட்டத் தேவையில்லை. ஆனால் அந்தச் சலுகை பிட் வரிக்குத் தானாக வராது. 11,000 மதிப்புள்ள சின்னத் தையல் கடைக்கு ஒரு சதமும் வரி இல்லாத இடத்தில் திடீரென்று 165 பவுண் பில் போகும். குறிப்பிட்ட மதிப்புக்குக் கீழே உள்ளவர்களுக்கு விலக்கு என்று நாங்கள்தான் திட்டத்தில் எழுத வேண்டும். எழுதினால் அவர்களுக்கு வாக்கும் இல்லை. தையல்கார அக்காவிடம் கேட்டேன். "வாக்கும் வேண்டாம், பில்லும் வேண்டாம் தம்பி" என்றார். 12,000 என்று கோடு கிழித்தோம்.

வாக்கெடுப்பை உள்ளூராட்சிக் கவுன்சில்தான் நடத்தும், முழுக்கத் தபாலில், 28 நாள். வெல்வதற்கு இரண்டு பெரும்பான்மை வேண்டும்: வாக்களித்தவர்களின் தலை எண்ணிக்கையிலும் பாதிக்கு மேல், அவர்களின் வரிமதிப்புக் கூட்டுத்தொகையிலும் பாதிக்கு மேல். பெரிய சூப்பர்மார்க்கெட் ஒன்று தனியே எதிர்த்தாலே இரண்டாவதில் தடுக்கி விழலாம். எத்தனை பேர் வாக்களிக்க வேண்டும் என்ற அளவு ஸ்கொட்லாந்தில் 25 வீதம். இங்கே அப்படி ஒன்றும் இல்லை.

எங்களைக் கவிழ்க்கப் பார்த்தது எதிர்ப்பு இல்லை, வாக்குச்சீட்டு வந்த கடித உறைதான். கவுன்சிலில் இருந்து உறை வந்தால் எங்கள் ஆட்கள் பில் என்று நினைத்து லாச்சிக்குள் போட்டுவிடுவார்கள். சங்கிலிக் கடைகளின் சீட்டோ எங்கேயோ தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும். இங்கே இருக்கிற மனேஜருக்கு ஒன்றும் தெரியாது. வாக்காளர் பட்டியலில் இரண்டு வருடத்துக்கு முன்பு கடையை விற்றுப் போனவரின் பெயரும் இருந்தது. அதனால் முதல் வாரம் முழுக்க வாக்குக் கேட்கவில்லை. "உறை வந்ததா, எங்கே வைத்தீர்கள்?" என்று மட்டும் கேட்டுத் திரிந்தேன். எல்லாவற்றுக்கும் முன்பு, பட்டியலைக் கடை கடையாகச் சரிபார்த்திருக்க வேண்டும்.

வென்றோம். இரண்டிலும்.

அதற்குப் பிறகுதான் தலையிடி. பழைய சங்கத்தைக் கலைக்கப் பொதுக்கூட்டம் கூட்டித் தீர்மானம் போட்டோம். மிச்சக் காசு 3,400 பவுண், பிட்டை நடத்தும் லாபநோக்கில்லாத புதிய கம்பனிக்குப் போக வேண்டும். வங்கிக்கு இரண்டு கையெழுத்து தேவை. இரண்டாவது கையெழுத்துக்காரர் கடையை விட்டுக் கனடாவுக்குப் போய் நாலு வருடம். பெயரை மாற்ற ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. ஐந்து மாதம் இழுத்தது. நடுவில் விளக்குகளுக்கான எங்கள் காப்புறுதி முடிந்துவிட்டது, புதிய கம்பனியுடையது தொடங்க இன்னும் மூன்று கிழமை இருந்தது. அந்த நாட்களில் காற்று அடித்தாலே எழும்பிப் போய்க் கம்பத்தைப் பார்ப்பேன்.

உருப்படியாகச் செய்த இன்னொன்று, கவுன்சில் இப்போது தெருவுக்கு என்னென்ன செய்கிறது என்று எழுத்தில் வாங்கியது: எத்தனை தரம் கூட்டுகிறார்கள், எத்தனை குப்பைத்தொட்டி. அது கையில் இல்லாவிட்டால், பிட் காசில் நாங்கள் கூட்டத் தொடங்க, அவர்கள் மெல்லக் கைவிட்டுவிடலாம்.

ஏப்ரலில் முதல் பில் வந்தது. போன் கடைத் தம்பி அதைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"அண்ணை, இது கட்டாயமோ?"

"ஓம், கட்டாயம்."

"நீங்கள் வந்து கேட்டிருந்தால் 60 தந்திருப்பேனே" என்றார். 11 வருடம் கேட்டேன் என்று சொல்ல வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

பிட்டின் புதிய மனேஜர் கெட்டிக்காரி. வந்த கையோடு புது விளக்குகளுக்கு ஓடர் கொடுத்துவிட்டார். பழையவை ஆறு பெட்டி, அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் என் களஞ்சிய அறையிலேயே கிடக்கின்றன. ஒப்படைத்த சாமான் பட்டியலில் அவற்றை எழுத மறந்துவிட்டேன்.