மருந்துக்கடை நாட்குறிப்பு: எந்த ஊசி, எந்த நேரம்

செப்டம்பர் 8, 2025, திங்கள்

சம்பா நடவுக்கு வயலைத் தயார் செய்யும் நாள்கள் இவை. காலையில் இன்சுலின் போட்டுக்கொண்ட கையோடு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறவர்கள் பாபநாசம் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இன்று எங்கள் கடைக்கு வந்த பெரியவரும் அவர்களில் ஒருவர். காலை 6.30 மணிக்குத் தொடையில் ‘முப்பது-எழுபது’ என்ற கலவை இன்சுலினைப் போட்டுக்கொண்டு, ஒரு டீயை மட்டும் குடித்துவிட்டு அண்டை வெட்டப் போனவருக்கு, 11 மணி வாக்கில் உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. “இந்த ஊசி உடம்புக்குச் சூடு தம்பி, நிறுத்திடலாம்னு பாக்குறேன்” என்றார்.

எந்த இன்சுலின், போட்டு எத்தனை மணி நேரம் ஆயிற்று என்று பார்க்காமல் பொதுவாக ஊசியின் மீது பழி போடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. முப்பது-எழுபதில் 30 பங்கு ரெகுலர் இன்சுலின். அது அரை மணி நேரத்தில் வேலையைத் தொடங்கி, 2 முதல் 4 மணி நேரத்தில் உச்சத்தை அடைகிறது. மீதி 70 பங்கு என்.பி.எச். என்ற, மெதுவாக வேலை செய்யும் இன்சுலின்; அதன் உச்சம் ஏறக்குறைய 4 மணி நேரத்துக்குப் பிறகுதான் தொடங்கிப் பல மணி நேரம் நீடிக்கிறது. ஆகவே முற்பகலில் ஒன்றன் வேகம் முழுதாக அடங்குமுன் மற்றொன்றின் வேகம் ஏறிவிடுகிறது. அந்த நேரத்தில் வயிற்றில் பழையது கூட இல்லை. போதாததற்கு, ஊசி போட்ட தொடையே உழைக்கும்போது இரத்த ஓட்டம் கூடி மருந்து விரைவாக உறிஞ்சப்படுவதோடு, உழைக்கும் தசைகளும் சர்க்கரையை இழுத்துக்கொள்கின்றன. அவருக்கு வந்தது சூடு அல்ல, தாழ்சர்க்கரை; அதாவது இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடுவது. இன்சுலின் வகைகள் அனைத்துக்கும் பொதுவான, முதன்மையான பக்கவிளைவு அதுதான்.

வயல் வேலை உள்ள நாள்களில் வயிற்றில் போட்டுக்கொள்ளவும், அரை மணி நேரத்துக்குள் வயிறாரச் சாப்பிடவும், அந்த நாள்களுக்கு அளவைக் குறைக்க வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்கவும் சொன்னேன். மடியில் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று இருக்கட்டும் என்றேன். சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டி அளவு, அதாவது 15 கிராம், தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. நம் ஊரில் யார் தள்ளாடினாலும் கள்ளிச்சொட்டுப் போன்ற பாலில் காப்பி போட்டு நீட்டுவார்கள். பாலின் கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும் என்பதால், இதற்கு அந்த உபசாரம் உதவாது.

செப்டம்பர் 11, வியாழன்

தொப்புளுக்கு வலப்புறம் எலுமிச்சை அளவுக்கு ஒரு மெத்தென்ற புடைப்பு. அந்த அம்மாள் ஆண்டுக்கணக்கில் அதே இடத்தில்தான் குத்திக்கொள்கிறாராம், அங்கே வலிக்கவில்லை என்பதற்காக. இன்சுலின் கொழுப்புத் திசுவை வளர்க்கும் தன்மை உடையது. ஒரே இடத்தில் தொடர்ந்து போட்டால் இப்படித் திரண்டுவிடும், ஊசிமுனையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் இன்னும் கூடும். புடைப்புக்குள் போன மருந்து ஒரு நாள் தேங்கும், ஒரு நாள் சட்டென்று கலக்கும். ஆதலால் சாப்பாடு மாறாமலேயே சர்க்கரை ஏறி இறங்கும். இதில் பலர் கவனிக்காத இடர் ஒன்று உண்டு: புடைப்பை விட்டு நல்ல இடத்துக்கு மாறும்போது அதே அளவு மருந்து முழுமையாக வேலை செய்து தாழ்சர்க்கரையைக் கொண்டுவரலாம். எனவே இடத்தை மாற்றுமுன் அளவைப் பற்றி மருத்துவரிடம் பேசச் சொல்லி அனுப்பினேன். மாட்டு, பன்றி இன்சுலின் காலத்தில் இதற்கு நேர்மாறாகத் தோல் குழி விழுவது அதிகம் இருந்தது. இப்போது அது அரிது.

செப்டம்பர் 16, செவ்வாய்

ஊசி போட்ட இடத்தில் சிவப்பும் அரிப்பும் என்று ஒருவர் வந்தார். தொடக்க வாரங்களில் வருவது பெரும்பாலும் தானே அடங்கிவிடும். உடலெங்கும் தடிப்போ மூச்சுத்திணறலோ வந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். 1922 ஜனவரியில் டொராண்டோவில் முதன்முதலாக இன்சுலின் பெற்ற லெனர்ட் தாம்சன் என்ற சிறுவனுக்கே, மருந்து போதிய தூய்மையுடன் இல்லாததால் ஊசியிட்ட இடம் புண்பட்டது. ஜேம்ஸ் காலிப் என்ற உயிர்வேதியியலர் தூய்மைப்படுத்திக் கொடுத்த பிறகுதான் சிகிச்சை வெற்றி கண்டது.

செப்டம்பர் 20, சனி

புரட்டாசி முதல் சனிக்கிழமை. ஒப்பிலியப்பன் கோயிலுக்கு விரதத்தோடு போகிறவர்கள் நேற்று மாலையே வந்து கேட்டார்கள். முப்பது-எழுபது போடுகிறவர்கள் வழக்கமான அளவைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடப்பது ஆபத்து என்று சொன்னேன். அஸ்பார்ட், லிஸ்ப்ரோ போன்ற விரைவு இன்சுலின் 10, 15 நிமிடங்களிலேயே வேலையைத் தொடங்கும் என்பதால், இலை விழுந்த பிறகே அதைப் போட வேண்டும். ஊசியைப் போட்டுக்கொண்டு வரிசையில் நிற்கக் கூடாது. நீண்ட நேர இன்சுலினான கிளார்ஜின் ஏறக்குறைய 24 மணி நேரம் பெரிய உச்சமில்லாமல் ஓடுவதால், என்.பி.எச்.-ஐ விட இரவுநேரத் தாழ்சர்க்கரை குறைவு; அமிலத் தன்மையால் சிலருக்குச் சுரீரென்று எரியும், அவ்வளவுதான். அதே வகையைச் சேர்ந்த டெக்லூடெக் 42 மணி நேரத்துக்கும் மேல் நிற்கிறது. அளவு கூடிப்போனால் தாழ்சர்க்கரையும் எளிதில் விட்டுப் போகாது. விரதமே வேண்டாம் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. ஆனால் பெருமாளிடம் போகுமுன் மருத்துவரிடம் போய்வருவது நல்லது.

செப்டம்பர் 26, வெள்ளி

பேனா ஊசி உடைந்துவிட்டதென்று, அதன் குழலிலிருந்து மருந்தை உறிஞ்ச சிவப்பு மூடி சிரிஞ்சு கேட்டு ஒரு இளைஞர் வந்தார். நான் கொடுக்கவில்லை. பேனா மருந்து மில்லிக்கு 100 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்சோ மில்லிக்கு 40 யூனிட் குப்பிக்கு உரியது. கோடு பார்த்து 20 என்று இழுத்தால் 50 யூனிட் உள்ளே போயிருக்கும்.

அக்டோபர் 3, வெள்ளி

இன்சுலின் தொடங்கியதிலிருந்து எடை கூடுகிறது, கணுக்கால் வீங்குகிறது என்று சென்ற மாதம் முறையிட்டவர் இன்று மருந்துச் சீட்டோடு வந்தார். சிறுநீரில் வீணாகிய சர்க்கரை உடலில் தங்கத் தொடங்கியதும் எடை ஏறுவது இயல்பு. டெடெமிர் என்ற நீண்ட நேர இன்சுலினில் இது சற்றுக் குறைவு. வீக்கம் வேறு கதை. இன்சுலின் உப்பையும் நீரையும் உடலில் நிறுத்துகிறது, அதோடு பயோகிளிட்டசோன் என்ற சர்க்கரை மாத்திரையும் சேர்ந்தால் நீர் மேலும் தேங்கி இதயத்துக்குச் சுமையாகலாம். இவர் இரண்டையும் எடுத்துக்கொண்டிருந்ததால்தான் அன்றே மருத்துவரைப் பார்க்கச் சொன்னேன். மருத்துவர் அந்த மாத்திரையை நிறுத்திவிட்டு இன்சுலினை அப்படியே வைத்திருக்கிறார். நெடுநாள் உயர்ந்திருந்த சர்க்கரை வேகமாக இறங்கும்போது, முன்பே பழுதுபட்டிருந்த விழித்திரை சிறிது காலம் மேலும் மோசமாகக்கூடும் என்பதால், கண் பரிசோதனையும் எழுதியிருக்கிறார். திங்கட்கிழமை கும்பகோணத்துக்குப் போகிறாராம். பேருந்தில் தாமதமானால் சாப்பிட என்ன எடுத்துப்போகலாம் என்று கேட்டார், பிஸ்கட்டும் குளுக்கோஸும் எடுத்துக் கொடுத்தேன்.