பெரிய தெருவில் பன்னிரண்டு கருடன்கள்

கருட சேவை என்றாலே ராத்திரிதான் என்று எப்படியோ என் மண்டையில் பதிந்திருந்தது. திருநாங்கூரில் தை அமாவாசைக்கு மறுநாள் பதினொரு பெருமாள்களும் வரிசையாக எழுந்தருள்வதைக் கண் விழித்துப் பார்த்த பழக்கம். அதனால் அட்சய திருதியைக்குக் கும்பகோணம் போகலாம் என்று அம்மா சொன்னதும், சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு மத்தியானம் கிளம்பலாமே என்றேன்.

"அது கடைத்தெரு கருட சேவைடா. வியாபாரிங்க நடத்தறது. உச்சி வெயிலுக்குள்ள பெருமாளெல்லாம் கோயிலுக்குத் திரும்பிடுவாங்க" என்று அதட்டி, நாலு மணிக்கே எழுப்பிவிட்டாள். திருச்சியிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்தோம். வழியில் தஞ்சாவூரிலும் சரி, கும்பகோணத்தில் இறங்கிய பிறகும் சரி, நகைக்கடை வாசல்களில் அந்த நேரத்துக்கே கூட்டம். அன்றைக்குக் குந்துமணித் தங்கமாவது வாங்கியே தீர வேண்டும் என்கிற வழக்கம் எங்கள் பாட்டி காலத்தில் கிடையாது. பாட்டி அட்சய திருதியைக்குத் தயிர்சாதமும் விசிறியும் தானம் கொடுப்பாள், அவ்வளவுதான். சரி, அது அவரவர் விருப்பம். ஆனால் அந்த வரிசையில் நிற்கிறவர்களில் பாதிப் பேருக்கு, கூப்பிடு தூரத்தில் பெருமாள் கருடன் மேல் உட்கார்ந்திருப்பது தெரியுமா என்று தோன்றாமல் இல்லை.

பெரிய தெருவுக்குள் நுழைந்ததும் முதலில் தெரிந்தது பந்தல். தெருவின் மேல் கீற்றும் துணியுமாக நிழல், அதன் கீழே வரிசையாகக் கருட வாகனங்கள். சாரங்கபாணி, சக்கரபாணி, இராமசுவாமி, இராஜகோபாலசுவாமி, ஆதிவராகப் பெருமாள் என்று ஊரின் பெரிய கோயில்களோடு, சந்துகளுக்குள் இருக்கிற சின்னக் கோயில்களின் கிருஷ்ணன்களும் வரதராஜனும் அதே வரிசையில் அதே உயரத்தில். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மற்ற நாளில் சாரங்கபாணியின் பதினோரு நிலை ராஜகோபுரத்தைப் பார்த்துவிட்டு, தெருக்கோடிக் கிருஷ்ணன் கோயிலை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இங்கே யார் பெரிய சாமி, யார் சின்னச் சாமி என்று சொல்லவே முடியவில்லை. பின்னால் மூட்டை அடுக்கிய கடைகள், நடுவில் பெருமாள்கள், முன்னால் நாங்கள். நான் எண்ணிக்கொண்டே போனேன். இரண்டு தடவை எண்ணியும் பதினொன்றுதான் வந்தது, மூன்றாவது தடவை அம்மா கையைப் பிடித்து இழுத்து, ஒரு திருக்குடைக்குப் பின்னால் மறைந்திருந்த பன்னிரண்டாமவரைக் காட்டினாள்.

ஒரு பக்கம் நாதஸ்வரம், இன்னொரு பக்கம் பாசுரம் பாடுகிற கோஷ்டி, நடுவில் யாரோ சரக்கு வண்டியை உள்ளே விடச் சொல்லி ஹாரன் அடிக்க, ஒரு பெரியவர் "இன்னிக்கு மட்டும் பொறுடா, நாளைக்கு உன் அரிசி எங்கயும் ஓடிடாது" என்று அவரைத் திருப்பி அனுப்பினார். கடைக்காரர்கள் தங்கள் வாசலிலேயே பானகமும் நீர்மோரும் வைத்துக்கொண்டு, கல்லாவில் உட்காராமல் வெளியே நின்று டம்ளர் நீட்டிக்கொண்டிருந்தார்கள். பெருமாள்களைச் சுமந்து வந்த ஸ்ரீபாதந்தாங்கிகள் தோளில் துண்டைப் போட்டபடி ஒரு மளிகைக் கடைத் திண்ணையில் சாய்ந்து, வந்த வழியில் எந்தத் திருப்பத்தில் மின்கம்பி இடித்தது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா ஒவ்வொரு பெருமாளாக நின்று துளசி கொடுத்து, ஆரத்தியை ஒற்றிக்கொண்டு, வரிசையின் கடைசிக்கு வருவதற்குள் எனக்குச் சட்டை முழுக்க நனைந்துவிட்டது.

அவள் சொன்னதே நடந்தது. வெயில் ஏற ஏற ஒவ்வொரு பெருமாளாகப் புறப்பட்டார்கள். கொஞ்ச நேரத்தில் தெரு மறுபடி தெருவாகிவிட்டது.

இனி என்ன செய்வது? கோயில்கள் நடை சாத்தியாகிவிட்டன, நாலு மணிக்கு மேல்தான் திறப்பார்கள். ஒரு ஓட்டலில் சாப்பிட்டுவிட்டு, டிகிரி காபி என்று போர்டு போட்ட இடத்தில் காபி குடித்தோம் (சுமார்தான், போர்டில் இருந்த நுரை டம்ளரில் இல்லை). அப்புறம் அம்மாவுக்கு ஒரு பித்தளைச் சொம்பு வாங்க வேண்டும் என்று ஒரு பாத்திரக் கடைக்குள் ஏறினோம். மின்விசிறிக்குக் கீழே இரண்டு ஸ்டூல் போட்டார்கள். வியாபாரம் இல்லாத மத்தியான நேரம், பேச்சு நீண்டது.

அந்தக் கடைக்காரரின் கல்லாவுக்கு மேல் ஒரு நாட்காட்டி, அதில் மாதத்துக்கு நாலைந்து இடத்தில் பென்சிலால் வட்டம். கல்யாண முகூர்த்தமா என்று கேட்டேன். "அது பாதி தம்பி. மீதி திருவிழா. கும்பகோணத்துல திருவிழா தெரியாம கடை நடத்த முடியாது" என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். வைகாசியில் சுவாமிமலை விசாகம் வரும், அதே மாதம் தஞ்சாவூர் வீதிகளில் 24 கருட சேவை. அந்த மாதம் சீர் சாமான் போக மற்றது விற்காது. ஆனியில் பட்டீஸ்வரத்தில் முத்துப்பந்தல், ஞானசம்பந்தருக்கு வெயில் படாமல் சிவன் பந்தல் அனுப்பிய கதை. ஆடிப்பெருக்கு மட்டும் அவர் கையில் இல்லையாம். மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறந்தால்தான் ஆடி பதினெட்டுக்குப் படித்துறை நிறையும், ஆற்றில் மணல் தெரிகிற வருஷத்தில் கடைத்தெருவிலும் கூட்டம் வராது என்றார். கார்த்திகை என்றதும் முகம் மலர்ந்தது: குத்துவிளக்கு மாதம். பத்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிற நாச்சியார்கோவிலில் காவிரி வண்டலில் அச்செடுத்து வார்க்கிற விளக்கு, புவிசார் குறியீடு பெற்றது. ஊர் வெற்றிலைக்கும் 2025-ல் அது கிடைத்துவிட்டது என்று சொல்லும்போது, அந்த வெற்றிலையையே மடித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தார்.

நாச்சியார்கோவில் என்றதும் அம்மா நிமிர்ந்தாள். மார்கழியிலும் பங்குனியிலும் கல்கருடன் புறப்படுகிற ஊர். மூலவராக இருக்கிற அதே கல் கருடனே உற்சவராகவும் வெளியே வருவார். சன்னிதியிலிருந்து எடுக்கும்போது நாலு பேர், அப்புறம் எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு என்று ஏற ஏறத் தூக்குகிறவர்கள் கூடிக்கொண்டே போக வேண்டும், திரும்பும்போது அதேபோல் குறைய வேண்டும். கருடன் வேகமாகப் பறப்பவர், ஆனால் அந்த ஊரில் அன்ன வாகனத்தில் தாயார்தான் முதலில் போவாள், அன்னத்தின் நடை மெதுவானது, அவளை முந்திவிடாமல் இருக்கத்தான் கருடன் தன் எடையைக் கூட்டிக்கொள்கிறார் என்பது கதை. வீட்டுக்காரிக்குப் பின்னால் நடப்பதற்கு இவ்வளவு கனமான காரணமா என்று நான் சொன்னதற்கு, கடைக்காரர் சிரித்தார், அம்மா முறைத்தாள். மார்கழிக்கு வருவதாக அங்கேயே முடிவாகிவிட்டது.

"அதெல்லாம் இருக்கட்டும். 2028-க்கு இப்பவே ஏற்பாடு பண்ணிக்குங்க" என்றார் கடைக்காரர்.

மகாமகம். குரு சிம்ம ராசியில் இருக்கும்போது வருகிற மாசி மகம், பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை. 1992-ல் நெரிசலில் பலர் இறந்துபோனதை வானொலியில் கேட்டுவிட்டு அப்பா வீட்டில் யாரையும் அனுப்பவில்லை. 2004-ல் எனக்குப் பரீட்சை. 2016 பிப்ரவரி 22 அன்று அம்மா வந்தே தீருவேன் என்று வந்து, குளத்தை எட்டிக்கூடப் பார்க்க முடியாமல், யாரோ வாளியில் கொண்டுவந்த தண்ணீரைத் தலையில் தெளித்துக்கொண்டு திரும்பியவள். அதைச் சொன்னதும் அவர், "மகத்தன்னிக்கு ஏம்மா வரீங்க? கொடியேத்தினதிலேர்ந்து பத்து நாளும் தீர்த்தம்தான். மூணாவது நாள், நாலாவது நாள் விடியக்காலைல வாங்க. இருபது கிணத்தையும் நின்னு நிதானமாப் பாத்துட்டுக் குளிக்கலாம்" என்றார். குளத்துக்குள் இருபது தீர்த்தக் கிணறுகள், கரையைச் சுற்றிப் பதினாறு மண்டபங்கள். மண்டபங்களைக் கட்டியவர் தஞ்சை நாயக்கர்களின் அமைச்சர் கோவிந்த தீட்சிதர். அதே தீட்சிதர்தான் இராமசுவாமி கோயிலுக்கும் சக்கரபாணி கோயிலுக்கும் நடுவே கடைவீதியை அமைத்தார் என்று சொல்வார்கள், இன்றைக்கு அது சின்னக் கடைத்தெரு. இரண்டு சன்னிதிகளை இணைக்க நினைத்தவருக்கு இடையில் கடைகளை வைக்கத் தோன்றியிருக்கிறது பாருங்கள். காலையில் மூட்டைகளுக்கு முன்னால் பெருமாள்கள் நின்றதைப் பார்த்தபோது எனக்குப் புதுமையாக இருந்தது. இவர்களுக்கு அது நானூறு வருஷப் பழக்கம்.

சாயங்காலம் நடை திறந்ததும் அந்தத் தெரு வழியாகவே போனோம். இராமசுவாமி கோயிலில் ஒரு கையில் வீணையும் இன்னொரு கையில் சுவடியுமாக இராமாயணம் படிக்கிற அனுமன். சக்கரபாணிக்கு வில்வ அர்ச்சனை, பெருமாள் கோயிலில் வில்வமா என்று முதல் தடவை வருகிற எல்லோரும் கேட்பதை நானும் கேட்டேன்.

கடைசியாகச் சாரங்கபாணி. தை முதல் ஆனி வரை உத்தராயண வாசல், அதன் வழியே உள்ளே போனோம். முதலில் கோமளவல்லித் தாயார், பிறகு தேர் வடிவக் கருவறையில் மூலவர் ஆராவமுதன், திருமழிசை ஆழ்வார் எழுந்திருந்து பேசு என்றதற்காகப் பாதி எழுந்த கோலத்தில். காலையில் தெருவில் பார்த்தவர் உற்சவர், இவர் இடத்தை விட்டு நகராதவர். காட்டுமன்னார்கோயிலுக்கு வந்த சில யாத்ரிகர்கள் இவரைப் பற்றிய பத்துப் பாசுரங்களைப் பாட, அதில் "ஓராயிரத்துள் இப்பத்தும்" என்று வருவதைக் கேட்டு, மீதி எங்கே என்று வைணவ ஆச்சாரியரான நாதமுனிகள் தேடிப் போனதில்தான் ஆழ்வார்களின் நாலாயிரம் பாசுரங்களும் நமக்குக் கிடைத்தன. அந்த யாத்ரிகர்களின் பெயர்கூட யாருக்கும் தெரியாது. எங்களைப் போல வெயிலில் வந்து, கால் வலிக்க நின்று, மனப்பாடமான பத்தை மட்டும் பாடிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர்களாக இருக்க வேண்டும். அம்மாவுக்கும் அந்தப் பத்தில் இரண்டுதான் தெரியும். இரண்டையும் சொன்னாள்.

பேருந்துக்குப் போகிற வழியில் சொம்பை வாங்கிக்கொள்ள மறுபடி கடைக்கு வந்தோம். பெயர் வெட்டித் தருகிறேன் என்று மெஷினை எடுத்துவைத்துக் காத்திருந்தார். அம்மா பெயரைச் சொன்னாள்.

"மகாமகத் தீர்த்தம் எடுக்கற சொம்பாச்சே. கீழ 2028-ன்னு போட்டுடட்டுமா?"

அம்மா சொம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பேரை மட்டும் போடுங்க. அதுக்குக் கீழ கொஞ்சம் இடம் விடுங்க, வந்து போட்டுக்கறேன்."